கபடிக் களமும் திரையில் சுழலும் எலும்புக்கூடும்

காரைக்குடிப் பக்கம் ஒரு பள்ளியில் உடற்கல்வி ஆசிரியராக இருக்கிறேன், பையன்களுக்கு பி.டி. சார். உடற்கல்விப் படிப்பில் உடற்கூறியலும் ஒரு பாடம்தான். 206 எலும்பு, மூன்று வகைத் தசை, மூட்டுகளின் வகைகள் என்று வரிசையாக எழுதினால் மதிப்பெண் வந்துவிடும், வந்தது. ஆனால் செம்மண் தரையில் ஒரு பையன் காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்து, "இங்கதான் சார் வலிக்குது" என்று விரலை வைத்துக் காட்டும்போது அந்த விரலுக்குக் கீழே என்ன இருக்கிறது என்பது அந்தப் படிப்பில் வரவே இல்லை. அதைக் கற்றுக்கொண்டது பிற்பாடு, கைபேசியிலும் ஒரு பழைய லேப்டாப்பிலும் விரலால் சுழற்றிப் பார்க்கிற உடல் படங்களை வைத்துத்தான். எது உதவியது, எது சும்மா நேரத்தைத் தின்றது என்று எழுதி வைக்கிறேன். நர்சிங், பிசியோதெரபி முதல் வருடம் சேர்ந்தவர்களுக்கும், யோகா சொல்லித் தருகிறவர்களுக்கும், என்னைப் போன்ற பி.டி. ஆசிரியர்களுக்கும் ஏதாவது ஒரு பகுதி பயன்படும்.

முதலில் ஒன்று. இந்தப் படங்களைத் திறந்தவுடன் எல்லோரும் செய்வது ஒரே காரியம்தான்: முழு உடலையும் சுற்றிவிடுவது, தோலை எடுப்பது, தசையை எடுப்பது, எலும்புக்கூட்டைப் பார்த்து "அடேங்கப்பா" சொல்வது, மூளைக்குப் போவது, இதயத்துக்குப் போவது. என் மாணவர்களிடம் கொடுத்தாலும் இதேதான். அரை மணி நேரம் ஓடிவிடும், மூடிய பிறகு கேட்டால் ஒன்றும் நிற்காது. படம் நன்றாக இருக்கிறது என்பதற்காக மண்டையில் ஏறிவிடாது. நாம் ஒரு கேள்வியோடு போக வேண்டும், அந்தக் கேள்வி ஒரு உண்மையான உடலிலிருந்து வந்திருந்தால் இன்னும் நல்லது.

எனக்குக் கேள்வி கொடுத்தது கணுக்கால். பொங்கலையொட்டி இங்கே ஊருக்கு ஊர் கபடிப் போட்டி, எங்கள் பையன்களும் ஆடப் போவார்கள். பாடிப் போகிறவனை மடக்க எதிரணிக்காரன் முதலில் பாய்வதே கணுக்காலுக்குத்தான். பாதம் உள்பக்கமாக மடங்கிக் கொள்ளும், வெளிப்பக்கம் வீங்கும். வீட்டுக்குக் கூட்டிப் போனால் அப்பத்தா, "சுளுக்குத்தான் சார், வெளக்கெண்ணெ போட்டு வழிச்சு விட்டாச் சரியாப் போயிரும்" என்பார். பல நேரம் அவர் சொல்வது பலிக்கும், அதுதான் சிக்கல். பலிக்காத அந்த ஒரு காலை எப்படிக் கண்டுபிடிப்பது?

சரி, அந்தக் கேள்வியோடு படத்தைத் திறந்தேன். கணுக்காலைத் தவிர மற்றதை எல்லாம் மறைத்தேன். மறைப்பதுதான் இந்தப் படங்களில் மிகப் பெரிய வசதி என்பது என் கருத்து, சுழற்றுவது அதற்கு அப்புறம்தான். எலும்பு மட்டும் நிற்கும்போது முதலில் கண்ணில் பட்டது, வெளிப்பக்க ஃபிபுலா எலும்பு உள்பக்கத்து டிபியாவை விடக் கீழே இறங்கியிருக்கிறது. உங்கள் காலையே தடவிப் பாருங்கள், கணுக்காலின் இரண்டு பக்கமும் துருத்தி நிற்கிற முட்டிகள் ஒரே உயரத்தில் இருக்காது, வெளி முட்டி தாழ்ந்திருக்கும். அவை இரண்டுக்கும் நடுவில் பிடிபட்டு உட்கார்ந்திருப்பது தாலஸ். அந்த எலும்பில் ஒரு தசைகூட ஒட்டவில்லை. எலும்புகளும், எலும்போடு எலும்பைக் கட்டுகிற லிகமென்டுகளும் பிடித்திருக்கிற பிடியில்தான் அது நிற்கிறது. மேலிருந்து பார்க்கிற மாதிரி படத்தைக் கவிழ்த்தால் தாலஸின் முன்பக்கம் அகலமாகவும் பின்பக்கம் குறுகலாகவும் தெரியும். பாதத்தை மேலே தூக்கும்போது அகலமான பகுதி இரண்டு எலும்புக்கும் நடுவில் இறுகிக்கொள்கிறது. விரல் நுனியை நீட்டிப் பாதத்தைக் கீழே இறக்கினால் குறுகிய பகுதி வந்து மூட்டு தளர்கிறது.

இதைப் பார்த்ததும் எனக்குக் களம்தான் ஞாபகம் வந்தது. பாடிப் போகிறவன் கால் விரலை நீட்டி எதிராளியைத் தொடுகிறானே, அந்த நொடியில் அவன் கணுக்கால் இருப்பதிலேயே தளர்வான நிலையில் இருக்கிறது. தாவி இறங்கும்போதும் அப்படித்தான். அந்த நேரத்தில் ஒருவன் பிடித்து உள்பக்கம் திருகினால் முதலில் அடி வாங்குவது வெளி முட்டியிலிருந்து முன்னோக்கித் தாலஸுக்குப் போகிற சின்ன லிகமென்ட், முன் தாலோஃபிபுலார் என்பது. உள்பக்கத்து டெல்டாய்ட் லிகமென்ட் தடிமனாக விசிறி போல் விரிந்து கிடக்கிறது, அது அவ்வளவு சீக்கிரம் போகாது. புத்தகத்தில் இந்தப் பெயர்கள் எல்லாம் இருந்தன. ஏன் வெளிப்பக்கம் அடிபடுகிறது என்பது மட்டும் படத்தைக் கவிழ்த்துப் பார்த்த அன்றுதான் விளங்கியது.

அதோடு பெரோனியஸ் லாங்கஸ் என்ற தசையையும் பாருங்கள். சுழலும் படத்துக்கு இதைவிட நல்ல வேலை கிடையாது. கெண்டைக்காலின் வெளிப்பக்கத்தில் கிளம்பி, வெளி முட்டிக்குப் பின்னால் வளைந்து, பாதத்துக்கு அடியில் குறுக்காகப் போய்க் கட்டைவிரல் பக்கத்தில் முடிகிறது. தாளில் அச்சடித்த படத்தில் வெளிப்பக்கம் ஒரு பக்கத்திலும் உள்ளங்கால் இன்னொரு பக்கத்திலும் இருக்கும், இரண்டையும் மனதுக்குள் ஒட்ட வேண்டும். திரையில் காலைத் தலைகீழாக்கினால் ஒரே கோடாகத் தெரிகிறது. பாதம் உள்ளே மடங்காமல் தடுக்கிற வேலையில் அதற்குப் பெரிய பங்கு உண்டு என்று தெரிந்த பிறகுதான், ஒற்றைக் காலில் நிற்கிற பயிற்சியை அணிக்குத் தினமும் கொடுக்க ஆரம்பித்தேன்.

அப்பத்தாவின் கேள்விக்கு வருவோம். கனடாவின் ஒட்டாவா நகரத்து மருத்துவர்கள் 1992-ல் வெளியிட்ட சில விதிகள் இருக்கின்றன, கணுக்கால் அடிக்கு எக்ஸ்ரே தேவையா என்று முடிவு செய்ய உலகம் முழுக்கப் பயன்படுபவை. உள் முட்டி, வெளி முட்டி இரண்டின் பின் ஓரத்திலோ நுனியிலோ எலும்பின் மேலேயே அழுத்தினால் வலிக்கிறதா, சுண்டுவிரல் பக்கத்து நீள எலும்பின் அடிப்பகுதியில் வலிக்கிறதா, பாதத்தின் உள்பக்கத்து நேவிகுலார் எலும்பில் வலிக்கிறதா, 4 அடி எடுத்து வைக்க முடியாமல் போகிறதா. இது மருத்துவருக்கான விதி, என்னுடைய கையில் அது தீர்ப்பு இல்லை. நான் அதை வைத்துக்கொண்டிருப்பது ஒரே காரியத்துக்கு: இதில் ஒன்று இருந்தாலும் எண்ணெயும் வேண்டாம், கட்டும் வேண்டாம், முதலில் எக்ஸ்ரே. ஆனால் அந்த நான்கு இடங்களையும் ஒரு காலில் விரலால் தொட்டுக் காட்டத் தெரிந்தால்தானே விதியைப் பயன்படுத்த முடியும்? அதைத் தொடக் கற்றுக் கொடுத்தது அந்தப் படம்தான். அப்பத்தாக்களோடு வாதாட வேண்டியதும் இல்லை. திரையில் காட்டி, "ஆத்தா, இந்த எலும்புல கீறல் விழுந்திருந்தா வழிக்கிறப்ப என்ன ஆகும்?" என்று கேட்டால் போதும், பெரும்பாலும் ஆட்டோ கூப்பிட்டுவிடுவார்கள்.

படிக்கும் முறைக்கு வருகிறேன். ஆத்தங்குடியில் தரைக்கல் வார்ப்பதைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், கண்ணாடிமேல் முதலில் ஊற்றுவது பூ வேலைப்பாட்டின் வண்ணம், அதன் முதுகில்தான் மணலும் சிமெண்டும் வரும். முகம் முதலில், முதுகு கடைசியில். பல செயலிகளும் உடலை அப்படித்தான் காட்டுகின்றன, தோல் முதலில், எலும்பு கடைசியில். படிக்கிறவர் அதைத் தலைகீழாக்க வேண்டும். எல்லாவற்றையும் மறைத்து எலும்பை மட்டும் வைத்து, அதன் மேடு பள்ளங்களைப் பார்த்து, லிகமென்டை ஏற்றி, ஆழத்துத் தசையை ஏற்றி, மேல் தசையை ஏற்றி, கடைசியில் நரம்பும் ரத்தக் குழாயும். உரித்துக்கொண்டே போனால் பார்க்கிறோம். கட்டிக்கொண்டே வந்தால் எது எதன்மேல் உட்கார்ந்திருக்கிறது என்று கை பழகிவிடுகிறது.

தசையைப் படிக்கும்போது பெயரை மட்டும் மனப்பாடம் செய்வதை விட்டுவிடுங்கள். எங்கே கிளம்புகிறது, எங்கே முடிகிறது, நடுவில் எந்த மூட்டைத் தாண்டுகிறது, இந்த மூன்றும் தெரிந்தால் அதன் வேலையை நீங்களே சொல்லிவிடலாம். தொடையின் பின்தசைகள் இடுப்பு எலும்பின் உட்காரும் மேட்டிலிருந்து கிளம்பி முழங்காலுக்குக் கீழே முடிகின்றன, அவற்றில் பைசெப்ஸ் ஃபெமோரிஸ் என்ற தசையின் குட்டைத் தலை ஒன்று மட்டும் தொடை எலும்பிலிருந்து கிளம்பும். ஆக, மற்றவை எல்லாம் இடுப்பு, முழங்கால் இரண்டு மூட்டையும் தாண்டுகின்றன. முழங்காலை மடக்கிக்கொண்டு குனிந்தால் தரையைத் தொட முடிவதும், காலை நீட்டினால் முடியாமல் போவதும் அதனால்தான். பையன்களிடம் இதைச் சொன்னால் உடனே செய்து பார்ப்பார்கள், பிறகு மறக்க மாட்டார்கள்.

இடம் வலம் குழப்பம் எல்லோருக்கும் வரும். திரையில் நிற்கிறவர் நம்மைப் பார்த்து நிற்கிறார், அவருடைய வலது நம் இடப்பக்கம் இருக்கும். உள்ளங்கை முன்னால் தெரிய நிற்பதுதான் உடற்கூறியலின் நிலை, அப்போது கட்டைவிரல் வெளிப்பக்கம். எழுந்து நின்று, திரைக்கு முதுகைக் காட்டி, உள்ளங்கையை முன்னால் திருப்பி, அதே ஆளாக நின்றுகொண்டு "என் வலது ரேடியஸ் இது" என்று முன்கையின் கட்டைவிரல் பக்கத்து எலும்பைத் தொட்டுச் சொல்லிப் பழகினால் குழப்பம் சீக்கிரம் விலகும். வீட்டில் யாராவது பார்த்தால் கொஞ்சம் வெட்கமாக இருக்கும், அவ்வளவுதான்.

பெயர்ப் பட்டியைப் பற்றி. தொட்டவுடன் பெயர் காட்டுகிற வசதி இருக்கிறதே, அதுதான் படிப்பைக் கெடுப்பது. தெரிந்த மாதிரியே இருக்கும். பெயரை அணைத்துவிட்டு, வாய்விட்டுச் சொல்லிவிட்டு, பிறகு தொட்டுச் சரிபாருங்கள். மணிக்கட்டில் 8 சின்ன எலும்பு. எட்டையும் ஒவ்வொன்றாக மறைத்து, பெயர் சொன்னால்தான் திரும்பக் கொண்டுவரலாம் என்று ஒரு விளையாட்டு, பதினொன்றாம் வகுப்புப் பையன்கள் இரண்டு அணியாகப் பிரிந்து ஆடுவார்கள். கூச்சல் தாங்காமல் பக்கத்து வகுப்பு ஆசிரியர் வந்து எட்டிப் பார்ப்பதும் உண்டு.

தோளுக்கு வந்தால், சுழல்கிற படம் இல்லாமல் நான் புரிந்துகொண்டிருக்கவே மாட்டேன் என்று சொல்லக்கூடிய தசை சப்ஸ்கேபுலாரிஸ். தோள்பட்டை எலும்புக்கும் விலா எலும்புகளுக்கும் நடுவில் ஒளிந்திருக்கிறது, முன்னால் பார்த்தாலும் தெரியாது, பின்னால் பார்த்தாலும் தெரியாது. விலா எலும்புகளை மறைத்துவிட்டு உள்ளேயிருந்து பார்க்க வேண்டும். தோளைச் சுற்றிப் பிடிக்கிற நான்கில் அது ஒன்று. சுப்ராஸ்பைனேட்டஸ், இன்ஃப்ராஸ்பைனேட்டஸ், டெரெஸ் மைனர் மற்ற மூன்று. தோள் குழி எவ்வளவு ஆழமில்லாதது என்பதையும் அங்கேயே பார்த்துவிடுங்கள். தோள் நழுவினால் பெரும்பாலும் முன்னோக்கித்தான் நழுவும். மேல்கை எலும்பின் கழுத்தைச் சுற்றி ஆக்ஸிலரி நரம்பு ஓடுவதையும் அப்போதே காட்டிக்கொடுத்தால், களத்தில் யாராவது "இழுத்துப் போட்டா உக்காந்துரும்" என்று கையைப் பிடிக்க வரும்போது ஏன் தடுக்க வேண்டும் என்று பையன்களுக்கே தெரியும். அசைக்காமல் துணியால் கட்டி ஆஸ்பத்திரிக்கு, அவ்வளவுதான் நம் வேலை.

இனி படம் சொல்லாத விஷயங்கள். இதில்தான் கொஞ்சம் நின்று பேச வேண்டும்.

திரையில் இருப்பது யாருடைய உடலும் இல்லை, அல்லது ஒரே ஒருவருடைய உடல். அமெரிக்காவின் தேசிய மருத்துவ நூலகம் 1994-ல் ஒரு ஆணின் உடலை 1 மில்லிமீட்டர் இடைவெளியில் சீவிப் படமெடுத்து வெளியிட்டது. டெக்சாஸில் மரண தண்டனை நிறைவேற்றப்பட்ட கைதி அவர், உடலை அறிவியலுக்குக் கொடுத்திருந்தார். அடுத்த வருடம் ஒரு பெண்ணின் உடல், மில்லிமீட்டரில் மூன்றில் ஒரு பங்கு இடைவெளியில். கணினியில் உடலைத் திருப்பிப் பார்க்கிற முயற்சிகள் பலவற்றுக்கும் அந்தப் படங்கள் அடிப்படையாயின. நாம் ஆயிரம் முறை சுழற்றினாலும் சுழல்வது அந்த மாதிரி ஒரு தனி உடலும் அதன்மேல் ஓவியர்கள் செய்த திருத்தமும்தான்.

உடனே சோதிக்க ஒரு வழி இருக்கிறது. கட்டைவிரல் நுனியையும் சுண்டுவிரல் நுனியையும் சேர்த்து, மணிக்கட்டைக் கொஞ்சம் உள்ளே மடக்குங்கள். மணிக்கட்டின் நடுவில் கயிறு மாதிரி ஒன்று எழும்பினால் அது பால்மாரிஸ் லாங்கஸ் என்ற தசையின் டெண்டன், அதாவது தசைநாண். சிலருக்கு எழும்பாது, ஏனென்றால் அந்தத் தசையே கிடையாது. சிலருக்கு ஒரு கையில் இருக்கும், மறு கையில் இருக்காது. வகுப்பில் செய்யச் சொன்னபோது ஒரு பையன் முகம் வெளுத்து, "சார், எனக்கு ஒரு நரம்பையே காணோம் சார், ஆஸ்பத்திரிக்குப் போகணுமா?" என்று கேட்டான். அது இல்லாததால் கைப்பிடிக்குக் குறையொன்றும் வராது, வேறு இடத்தில் டெண்டன் தேவைப்பட்டால் அறுவை மருத்துவர்கள் இதை எடுத்தே வைப்பார்கள் என்று சொன்ன பிறகு, இல்லாதவர்கள் எல்லாம் ஒரு கட்சியாகச் சேர்ந்துகொண்டார்கள். படத்தில் மட்டும் எல்லோருக்கும் அது இருக்கிறது.

என்னைப் போலப் பள்ளிப் பிள்ளைகளோடு இருப்பவர்கள் இன்னொன்றைக் கவனிக்க வேண்டும். நான் பார்த்த படங்கள் எல்லாம் வளர்ந்த உடல்கள். பதின்மூன்று வயதுப் பையனின் எலும்பு நுனிகளில் வளர்ச்சித் தட்டு இருக்கிறது, குருத்தெலும்பாக. லிகமென்டை விட அது பலவீனமாக இருக்கலாம் என்பதால் பெரியவர்களுக்கு லிகமென்டில் விழுகிற அடி சிறுவர்களுக்கு அந்தத் தட்டில் விழும். முழங்காலுக்குக் கீழே முன்பக்க மேட்டில் வலிக்கிறது என்று ஓடுகிற, குதிக்கிற பிள்ளைகள் வருவார்கள், தொடையின் முன்தசை அந்த வளர்கிற மேட்டை இழுத்துக்கொண்டே இருப்பதால் வருவது, ஆஸ்குட்-ஷ்லாட்டர் என்று பெயர். செயலியில் அந்த இடத்தைத் தொட்டால் அமைதியாக "டிபியல் டியூபராசிட்டி" என்று மட்டும் காட்டும். வளர்ச்சித் தட்டைப் பார்க்க வேண்டுமென்றால் சிறுவர்களின் எக்ஸ்ரே படங்களைத் தேடிப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

நிறத்தையும் நம்ப வேண்டாம். தமனி சிவப்பு, சிரை நீலம், நரம்பு மஞ்சள் என்பது நம் வசதிக்காகப் பூசியது. மருத்துவம் படிக்கிற என் பழைய மாணவன் ஒருவன் உடல் அறுத்துப் பார்க்கும் கூடத்துக்கு முதல் தடவை போய் வந்துவிட்டு, "எல்லாம் ஒரே பழுப்பு சார், எது நரம்பு எது குழாய்னே தெரியல" என்றான். கொழுப்பும், தசைகளைச் சுற்றிய உறையும் பல செயலிகளில் கிடையாது, நிஜத்தில் முதலில் கைக்குத் தட்டுப்படுவதே அவைதான். மருத்துவமும் பிசியோதெரபியும் படிப்பவர்கள் திரையோடு நிறுத்திக்கொள்ள முடியாது. எங்களுக்கு அந்தக் கூடம் கிடையாது, அதனால் நான் தொடுவது என் உடலை. மார்க்கர் பேனாவால் என் முழங்கையில், கணுக்காலில் கோடு போட்டு, மூட்டை அசைத்து, கோடு எங்கே நகர்கிறது என்று பார்ப்பேன். பையன்கள் அவரவர் காலையே தொட்டுப் பார்ப்பார்கள். பெண்கள் அணிக்கு எங்கள் பள்ளி டீச்சர் ஒருவர் இதே பாடத்தை எடுக்கிறார். அடுத்தவர் உடலைத் தொட்டுக் காட்டுவது என்ற பேச்சே எங்கள் வகுப்பில் இல்லை.

எந்தச் செயலி என்று கேட்பார்கள். உலாவியிலேயே திறக்கிற சைகோட் பாடி என்ற தளம் தொடங்கப் போதும். 2010-ல் கூகுள் பாடி என்ற பெயரில் வந்தது அதுதான். லேப்டாப் இருந்தால் இசட்-அனாடமி இலவசம், ஜப்பானில் திரட்டிய உடல் மாதிரிகளை வைத்துத் தன்னார்வலர்கள் வளர்த்தது, பழகக் கொஞ்சம் பொறுமை வேண்டும். காசு கட்டுகிற செயலிகளில் அசைவுப் படங்கள் நன்றாக இருக்கும். உள்ளங்கையைக் கவிழ்க்கும்போது ரேடியஸ் எலும்பு பக்கத்து எலும்பான அல்னாவின் மேல் குறுக்காக விழுவது போன்றவற்றை அசைவில் பார்த்தால் ஒரு நொடியில் புரியும். ஆனாலும் முதல் வருடத்திலேயே பணம் கட்டத் தேவையில்லை என்பேன். சிக்னல் இழுபறியான ஊர்க்காரர்கள் வைஃபை இருக்கிற இடத்தில் திறந்து, அன்றைக்கு வேண்டிய நான்கைந்து கோணங்களை ஸ்கிரீன்ஷாட்டாகப் பிடித்து வைத்துக்கொண்டு வீட்டுக்குப் போய்ப் பெயர் எழுதிப் பழகலாம். என் மாணவர்களில் பலர் அப்படித்தான் செய்கிறார்கள், அவர்களுக்குச் சுழற்றிக்கொண்டே இருக்கிற சபலமும் குறைவு.

இந்த யோசனை ஒன்றும் புதிதில்லை என்பதையும் போகிற போக்கில் சொல்லிவிடுகிறேன். 1543-லேயே உடற்கூறியல் அறிஞர் வெசாலியஸ் தன் மாணவர்களுக்கான சிறு நூலில், வெட்டி எடுத்து ஒன்றின்மேல் ஒன்றாக ஒட்டிக்கொள்ளும்படி உறுப்புகளின் படங்களை அச்சிட்டுக் கொடுத்தார். தாளைத் தூக்கினால் உள்ளே அடுத்த அடுக்கு. வெட்டி ஒட்டியவனுக்கு அடுக்கு ஞாபகமிருந்திருக்கும், நமக்கு விரல் மட்டும்தான் நகர்கிறது.

கடைசியாக, முப்பரிமாணம் தோற்றுப் போகிற ஒரு இடம். கழுத்திலிருந்து கைக்குப் போகிற நரம்புப் பின்னல், பிரேக்கியல் பிளெக்ஸஸ். திரையில் அது மஞ்சள் நூல் சிக்கல், எவ்வளவு திருப்பினாலும் சிக்கல்தான். இதற்குத் தட்டையான கோட்டுப் படம்தான் சரி. கழுத்தின் ஐந்தாவது நரம்பிலிருந்து மார்பின் முதல் நரம்பு வரை 5 வேர்கள், அவை சேர்ந்து 3 தண்டு, பிரிந்து 6 பிரிவு, மறுபடி சேர்ந்து 3 கயிறு, அங்கிருந்து 5 பெரிய கிளைகள். பள்ளி வராந்தாவின் சிமெண்ட் தரையில் சாக்பீஸால் பெரிதாக வரைய வைப்பேன், ஒருவன் வேரில் நின்று கிளை வரை நடந்தே போக வேண்டும், போகும் வழியில் பெயர் சொல்ல வேண்டும். பார்க்காமல் வரைய வந்த பிறகு திரைக்குத் திரும்பி, ரேடியல் நரம்பை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை மறைத்தால், அது மேல்கை எலும்பின் பின்னால் சுற்றிக்கொண்டு இறங்குவது பளிச்சென்று தெரியும். அந்த எலும்பு நடுவில் முறிந்தால் மணிக்கட்டைத் தூக்க முடியாமல் போவது ஏன் என்று அதன் பிறகு நான் விளக்க வேண்டியதில்லை, வராந்தாவில் நடந்தவர்களே சொல்லிவிடுகிறார்கள்.